ஆலோசனைத் தொழிலும் அறிவுடைமைக் காப்பும்

நெல் விற்பவன் மரக்காலால் அளந்து கொடுத்த அளவு, அவன் குதிரிற் குறையும். வாங்கியவன் குதிரில் நிறையும். யார் எதனை விற்றார், யார் எதனைப் பெற்றார் என்பதில் ஐயம் எழுதற்கு இடமில்லை. அறிவை விற்பவன் நிலையோ வேறு. அவன் கொடுத்தபின்னும் அஃது அவனிடமே இருக்கும், பெற்றவனிடமும் இருக்கும், பெற்றவன் விரும்பின் நூறு பேருக்கு அதனை வழங்கவும் இயலும். கொடுக்கக் குறையாத இவ்வியல்பு கல்விக்குப் பெருமையாகும். ஆயின், கற்ற அறிவையே தொழிலாகக் கொண்டு வாழ்வோனுக்கு அதுவே இடுக்கண் ஆதலும் உண்டு. தான் விற்றது எவ்வளவு, தனக்கென நிறுத்திக்கொண்டது எவ்வளவு என்பதைக் காட்ட அவனிடம் மரக்கால் இல்லை. அம்மரக்கால் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சியில் யாம் புகுதற்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணமாயிற்று. தொழிலாளர் வழங்கும் சொற்களில் எமக்கு விருப்பம் மிகுதி. ஆகவே ஓராண்டாக எம் ஊரிலுள்ள பழுதுபார்க்கும் பட்டறைகளுக்குச் சென்று, ஏறத்தாழ 600 சொற்களைக் கேட்டுத் தொகுத்து, ஒவ்வொன்றற்கும் விளக்கமும் எழுதி வைத்திருந்தோம். உறிஞ்சு குழாயிற் காற்றுப் புகுந்து நீர் ஏறாமற் போவதை ‘ஏர் பிடித்தல்’ என்று அவர்கள் கூறுவது போன்ற வழக்குகள் அத்தொகுப்பில் நிறைந்திருந்தன. சென்ற கோடை விடுமுறையில், நீரிறைக்கும் பொறிகளை விற்கும் ஒரு நிறுவனத்தார் தம் ஆங்கிலக் கையேட்டைத் தமிழாக்கித் தருமாறு எம்மைக் கேட்டனர். யாம் அதனை முடித்துக் கொடுத்தபோது, அச்சுப்பிழை திருத்துவோர்க்கு உதவுமென்று எண்ணி எம் சொற்றொகுப்பையும் உடன் அனுப்பினோம். பேசிய கூலியும் வந்தது, மகிழ்ந்தோம். சில திங்கள் கழித்து அத்தொகுப்பு முழுவதும், எம் பெயரின்றி, அந்நிறுவனத்தின் பெயரால் தனி ஏடாக அச்சாகி விற்பனையாளர் பலர்க்கும் வழங்கப்பட்டிருந்ததைக் கண்டோம். கேட்டபோது, “பணம் கொடுத்தோம், ஆகவே நீர் அனுப்பியன யாவும் எம்முடையனவே” என்று விடை வந்தது. அவ்விடை சரியா, தவறா என்பது அன்று எமக்குத் தெரியவில்லை. ‘இதற்கு மட்டுமே இக்கூலி’ என்று எழுதிய துண்டுக் கடிதமும் எம் கையில் இல்லை.

நிற்க. ஆலோசனைத் தொழில் என்பது யாது? ஒருவர்க்குப் பணியாளாய் அமர்ந்து திங்கள்தோறும் ஊதியம் பெறாமல், பலர்க்குத் தம் அறிவாலும் பயிற்சியாலும் உதவி, ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியே கட்டணம் பெறும் தொழிலே அது. கட்டடப் பொறியாளர், கணக்காய்வாளர், கணினி வல்லுநர், மொழிபெயர்ப்பாளர், ஆலைகளுக்குச் சாயமுறை சொல்வோர் எனப் பலர் இன்று இவ்வகையில் வாழ்கின்றனர். நம் கல்லூரியினின்று வெளிச்செல்வோருட் பலரும் நாளை இவ்வழி நிற்றல் கூடும். பொறியியல் துறையில் இதற்கு முன்னோடியாய் நின்றோருள் ஒருவர் இங்கிலாந்தின் ஜான் ஸ்மீட்டன் (1724–1792). ஆலைகள், பாலங்கள், துறைமுகங்கள் முதலியவற்றை நேரிற் பார்த்து, எழுத்து வடிவில் அறிக்கை தந்து கட்டணம் பெறுவதைத் தொழிலாக அவர் நடத்தினார். அவர் எழுதிய அறிக்கைகள் அவர் மறைவிற்குப்பின் 1812-இல் நூலாகவே வெளிவந்தன. அறிவுரை காற்றிற் கரையும் பேச்சாக நில்லாது, எழுத்தாகி உடைமையாகும் என்பதற்கு அந்நூல் சான்றாகும்.

எனினும், அறிவை விற்கும் தொழிலின் ஏற்றமும் இடரும் ஒருங்கே விளங்குவது ஜேம்ஸ் வாட்டு என்பாரின் வரலாற்றிலேயாம். ஸ்காட்லாந்தில் 1736-இற் பிறந்த அவர், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்பவராய் இருந்தார். நியூகாமன் அமைத்த நீராவிப் பொறியின் மாதிரி ஒன்று பழுதுபார்க்கும்படி அவரிடம் வந்தது. அப்பொறியில், உருளைக்குள் ஆவியைப் புகுத்துவதும் அவ்வுருளையிலேயே தண்ணீரைத் தெளித்து ஆவியைக் குளிர்விப்பதும் மாறி மாறி நிகழும். ஒவ்வொரு முறையும் உருளை சூடேறிக் குளிர்வதால் நிலக்கரி பெரிதும் வீணாயிற்று. ஆவியைக் குளிர்விப்பதற்கென ஒரு தனிக்கலம் அமைத்தால் உருளை எப்பொழுதும் சூடாகவே இருக்குமன்றோ என்னும் எண்ணம் 1765-இல் அவர்க்குத் தோன்றிற்று. 1769-இல் அம்முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

ஆனால் எண்ணம் உதித்த அளவிலே செல்வம் வந்துவிடவில்லை. கால்வாய்களுக்கு நிலம் அளந்து கொடுத்தே அவர் பிழைக்கவேண்டியிருந்தது. உதவிய கூட்டாளியாகிய ரோபக் என்பார்க்குக் காப்புரிமையில் மூன்றில் இரண்டு பங்கு கொடுத்திருந்தார். ரோபக்கின் செல்வம் அழிந்தபோது, அப்பங்கு பர்மிங்ஹாமைச் சார்ந்த மாத்யூ போல்ட்டனிடம் சேர்ந்தது. 1775-இல் பாராளுமன்றத்தின் தனிச் சட்டத்தால் உரிமைக்காலம் 1800 வரை நீட்டிக்கப்பட்டது. அதன்பின் அவ்விருவரும் நடத்திய தொழிலின் முறையே நாம் கருதத்தக்கது. தொடக்கத்தில் அவர்கள் பொறியை முழுமையாகச் செய்து விற்றாரல்லர். வரைபடங்கள் தந்தனர், பொறியை நிறுவுதற்கு ஆளனுப்பினர், நுண்ணிய உறுப்புக்கள் சிலவற்றைத் தாம் வழங்கினர், ஏனையவற்றைச் சுரங்க உடையாரே பிறரிடம் வாங்கிக்கொண்டனர். அஃதாவது, அவர்கள் விற்றது பெரும்பாலும் அறிவையே.

அதற்கு விலை வகுத்த முறையும் வியக்கத்தக்கது. பழைய பொறிக்குச் செலவாகும் கரியையும் புதிய பொறிக்குச் செலவாகும் கரியையும் ஒப்பிட்டு, மிச்சமான கரியின் விலையில் மூன்றிலொரு பங்கைத் தமக்குக் கட்டணமாக விதித்தனர். பொறி எத்தனை முறை இயங்கிற்று என்பதைக் குறிக்கும் எண்காட்டியைப் பூட்டிய பெட்டியில் அமைத்தனர். கண்ணுக்குப் புலனாகாத அறிவிற்கு அவர்கள் கண்ட மரக்கால் அதுவேயாம்.

ஆயினும் பூசல் ஒழிந்ததில்லை. கார்ன்வால் நாட்டுச் சுரங்க உடையார் பலர், ஆண்டுதோறும் கொடுக்கும் கட்டணத்தைச் சுமையாகக் கருதினர். பொறியை வாங்கிய நாளில் இனித்த ஒப்பந்தம், பயன் பழகிய பின்னர்க் கசந்தது. அவர்களிடம் பொறி நிறுவுநராய்ப் பணி புரிந்த எட்வர்ட் புல் என்பவரே பின்னர்த் தாமாகப் பொறிகள் அமைக்கத் தொடங்கினார். அவர்மீது தொடுத்த வழக்கில் 1795-இல் நீதிபதிகள் இருபாலாகப் பிரிந்தனர். எதிர்த்தரப்பின் வாதம் யாதெனின், வாட்டு தம் காப்புரிமைப் பத்திரத்தில் வரைபடம் ஒன்றும் தரவில்லை. ஒரு பொதுக் கொள்கையை மட்டுமே சொற்களாற் கூறினார். கொள்கை ஒருவர்க்கே உடைமையாதல் கூடாது என்பதாம். ஹார்ன்புளோயர், மேபர்லி என்போரைப் பற்றிய வழக்கில் 1799-இலேதான் தீர்ப்பு வாட்டின் பக்கம் உறுதியாயிற்று. உரிமைக்காலம் முடிய அப்போது ஓராண்டே எஞ்சியிருந்தது!

இவ்வரலாற்றினின்றும் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, எண்ணம் வேறு; அதனை வடிவாக்கிய எழுத்தும் வரைபடமும் பொறியும் வேறு. இரண்டாவது, உரிமையின் எல்லையைத் தெளிவுறக் குறியாவிடின், அத்தெளிவின்மையே பிற்காலத்தில் எதிரிக்குப் படைக்கலமாகும். மூன்றாவது, உரிமையைக் கவர வருபவர் பெரும்பாலும் வெளியிலுள்ள கள்வர் அல்லர். நம்மோடு பழகிய பணியாளரும் பணிதந்தோருமேயாவர். அவர்களுட் பலர் தாம் செய்வது குற்றமென்று எண்ணுவதும் இல்லை.

இனி, நம் நாட்டுச் சட்டம் இதுபற்றிக் கூறுவதைக் காண்பாம். அறிவுடைமை பல வகைப்படும். எழுதிய அறிக்கை, பாடக்குறிப்பு, வரைபடம், கணினி நிரல் ஆகியவற்றை 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் காக்கின்றது. எழுதி முடித்த அளவிலேயே இவ்வுரிமை பிறக்கும். பதிவு செய்தல் கட்டாயமன்று. எழுத்துப் படைப்பில், ஆசிரியர் வாழ்நாளும் அவர் மறைவிற்குப்பின் 60 ஆண்டுகளும் அது நிலைக்கும். ஆனால் கருத்தை அச்சட்டம் காப்பதில்லை. கருத்தின் வெளிப்பாட்டையே காக்கும். ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்னும் நாடகத்தின் ஆசிரியர், ‘நியூ டெல்லி’ என்னும் திரைப்படம் தம் நாடகத்தைத் திருடியது என்று தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றம் 1978-இல் இக்கொள்கையை நிலைநாட்டி, அவர் கோரிக்கையை மறுத்தது. இருவரும் ஒரே பொருளைக் கையாளலாம். கையாண்ட வடிவத்தைப் பெயர்த்தெழுதுதலே குற்றம்.

புதிதாகக் கண்ட பொறிக்கும் செய்முறைக்கும் 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்புரிமை உண்டு. விண்ணப்பித்த நாளினின்றும் 20 ஆண்டுகள் அது நிற்கும். விண்ணப்பிக்குமுன் அதனை உலகறிய வெளியிட்டால் புதுமை கெடுதலின், உரிமையும் கைநழுவிப் போகும். வணிகம் நடத்தும் முறைக்கும், வெறும் கணக்கு முறைக்கும் நம் நாட்டில் இவ்வுரிமை இல்லை. ஆலோசகர் பலரின் தனித்திறம் இத்தகைய முறைகளிலேயே அடங்கியிருத்தலின், இதனை நினைவிற் கொள்ளல் இன்றியமையாதது. தொழிலின் பெயரையும் குறியையும் 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின்படி பதிந்து, பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். பொருள் விற்போரேயன்றிப் பணி புரிவோரும் அச்சட்டத்தின் பயனைப் பெறுவர். இவற்றுள் அடங்காத செய்முறை நுட்பங்களுக்கு மறைபொருளாகக் காத்தலே அரண். அவ்வரணுக்கு அடிப்படை, ‘பிறர்க்கு வெளியிடேன்’ என்று பெற்றவர் எழுத்தால் தரும் உறுதி.

இவற்றினும் முதன்மையான வினா, பிறர் பொருட்டுச் செய்த படைப்பு யார்க்கு உரியது என்பது. ‘பணம் கொடுத்தவர்க்கே’ என்று பலரும் எண்ணுவர். சட்டம் அவ்வாறு பொதுப்படக் கூறவில்லை. ஊதியப் பணியாளாய் அமர்ந்தவர் தம் பணியின் பகுதியாக எழுதியது, வேறு உடன்படிக்கை இல்லாவிடத்து, முதலாளிக்கே உரியது. தனித்தொழிலாக எழுதிய அறிக்கையோ மொழிபெயர்ப்போ, பொதுவாக எழுதியவர்க்கே முதற்கண் உரியது. இதற்கு விலக்குகளும் உள. பணம் பெற்று எடுத்த ஒளிப்படம், வரைந்த உருவப்படம் போல்வன பணம் கொடுத்தவர்க்குச் சேரும். அரசினரின் ஆணைக்கும் ஆட்சிக்கும் உட்பட்டு ஆக்கியவை அரசினர்க்குச் சேரும். மாறான உடன்படிக்கை இருப்பின் அதுவே செல்லும்.

தனித்தொழில் செய்வோர் தம் பதிப்புரிமையைப் பிறர்க்கு மாற்ற வேண்டின், அஃது எழுத்தில் அமைந்து கையொப்பம் பெறுதல் வேண்டும். எப்படைப்பு, எவ்வுரிமை, எத்துணைக் காலம், எந்நாட்டெல்லை என்பனவும் குறிக்கப்படல் வேண்டும். காலம் குறியாவிடின் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறியாவிடின் இந்திய நாடு என்றும் சட்டமே வரையறுத்துள்ளது. உரிமையை மாற்றிய பின்னரும், ‘இதனை ஆக்கியவன் யான்’ என்று கூறும் தனியுரிமை ஆசிரியரை விட்டு நீங்காது.

ஓருரிமை பல கூறாகப் பிரியும் என்பதற்குத் தமிழ் மாணவர்க்கு அயலான சான்று தேடவேண்டுவதில்லை. பாரதியார் பாடல்களை அச்சிடும் உரிமை ஒருபாலும், அவற்றை இசைத்தட்டிற் பதியும் உரிமை வேறொருபாலும் இருந்தன. பின்னுரிமையைப் பெற்றிருந்தவர் பட அதிபர் ஏ. வி. மெய்யப்பர். 1949-இல் சென்னை அரசினர் அவர் படைப்புரிமைகளைத் தாம் ஏற்றனர். பின்னர் அவை மக்கள் யாவர்க்கும் பொதுவாக்கப்பட்டன. ஒரு பாட்டிற்கே இத்துணைக் கூறுகள் உளவெனின், ஓர் ஆலோசகர் தரும் அறிக்கையிலும் பாடத்திலும் நிரலிலும் எத்துணைக் கூறுகள் இருத்தல் கூடும்!

ஆகவே, பணியைத் தொடங்குமுன் எல்லாப் பொருளையும் மூன்று குவியலாகப் பிரித்துக்கொள்ளல் நலம். முதற் குவியல், பணிக்கு முன்பே ஆலோசகரிடம் இருந்தவை: அவர்தம் குறிப்புக்கள், வாய்பாடுகள், பயிற்சி ஏடுகள், பொது நிரல்கள். இரண்டாம் குவியல், பணிதருவோர் கொடுத்தவை: அவர்தம் கணக்கு, வணிகச் செய்தி, பெயர், மறைபொருள். மூன்றாம் குவியல், இப்பணியின்பொருட்டுப் புதிதாய் ஆக்கப்படுபவை. முதலாவதை ஆலோசகர் தம்மிடமே நிறுத்திக்கொண்டு, இப்பணிக்கு வேண்டும் அளவு பயன்படுத்த இசைவு மட்டும் தரலாம். இரண்டாவது என்றும் பணிதருவோர்க்கே உரியது. மூன்றாவதைப் பற்றித்தான் இருவரும் அமர்ந்து பேசி முடிவு செய்தல் வேண்டும். முழு உரிமையும் வேண்டுமெனின், அதற்கேற்பக் கட்டணம் கூடும். பயன்படுத்தும் இசைவே போதுமெனின், குறையும்.

எம் நிகழ்ச்சியை இவ்வளவையால் அளந்து பார்த்தோம். ஆங்கிலக் கையேடு இரண்டாம் குவியல். யாம் செய்த தமிழாக்கம் மூன்றாம் குவியல். அதனை அச்சிட்டு வழங்க அந்நிறுவனத்தார்க்கு இசைவு உண்டென்பதில் ஐயமில்லை, அதற்கன்றோ கூலி தந்தனர்! சொற்றொகுப்போ முதற் குவியலைச் சார்ந்தது. அதிலுள்ள சொற்கள் எமக்கு உரியனவல்ல. அவை பட்டறைத் தொழிலாளர் வாய்மொழி, தமிழுலகின் பொதுச்சொத்து. ஆனால் அவற்றைத் தேர்ந்த தேர்வும், அடுக்கிய முறையும், எழுதிய விளக்கமும் எம் உழைப்பு. ‘அனுப்பியன யாவும் எம்முடையன’ என்னும் அவர்தம் விடை சட்டத்திற்கு ஒத்ததன்று என்று இப்பொழுது அறிகின்றோம். எனினும், குவியல்களைக் கலந்து ஒரே கட்டாய் அனுப்பியவர் யாமே. ‘இது எம் பழைய தொகுப்பு, பார்வைக்கு மட்டும்’ என்று ஒரு வரி எழுதியிருப்பின், பூசல் முளைத்திராது. குற்றத்திற் பாதி எம்மதே.

இனி, இத்தொழிலை நடத்தும் முறை பற்றிச் சில கூறுவாம். உடன்படிக்கை நீண்டதாய் இருக்கவேண்டுவதில்லை. தெளிந்ததாய் இருத்தல் வேண்டும். செய்யும் பணி யாது, எந்நாளில் முடியும், எத்தனை முறை திருத்தம் செய்து தரப்படும், கட்டணம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, மூன்று குவியல்களும் யார் யார்க்கு உரியன, மறைபொருள் எத்துணைக் காலம் காக்கப்படும், இடையிற் பிரிய நேரின் யாது செய்வது, வழக்கு எழின் யார் நடுவர் என்பன ஓரிரு பக்கத்தில் அடங்கும். உரிமை மாற்றம் முழுக் கட்டணமும் கைக்கு வந்த பின்னரே நிகழும் என்று எழுதிக்கொள்ளுதல், கட்டணம் தங்காமல் வருதற்கு நல்ல துணையாகும். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சிறுதொழிலாகப் பதிந்துகொண்டோர்க்கு, பணியை ஏற்றுக்கொண்ட நாளினின்றும் 45 நாளுக்கு மேற்படாமல் பணம் தரப்படல் வேண்டும். தவறின், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி வீதத்தைப்போல் மும்மடங்கு, கூட்டுவட்டியாகச் சேரும்.

சில நிறுவனத்தார், ‘இப்பணி முடிந்தபின் இத்துறையில் வேறு எவர்க்கும் உழையேன்’ என்று எழுதி வாங்க முயல்வர். ஒருவர் நேரிய தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை அவ்வளவிற் செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. ஆனால் ‘உம் மறைபொருளை வெளியிடேன்’ என்னும் உறுதி அத்தன்மையதன்று, அது செல்லும். கற்ற திறமையை எவரும் பூட்ட இயலாது. பிறர் நம்பிக் கூறிய செய்தியை நாமும் திறத்தல் ஆகாது.

ஈண்டு ஒன்று வற்புறுத்தற்குரியது. தம் உரிமையைக் காக்க விழைவோர் பிறர் உரிமையையும் அவ்வண்ணமே காத்தல் வேண்டும். ஓர் ஆலையிற் கண்ட கணக்கை மற்றோர் ஆலைக்குச் சொல்லுதல், ஒருவர்க்கு முழு உரிமையும் விற்ற அறிக்கையைப் பெயர் மாற்றி வேறொருவர்க்கு விற்றல், பிறர் நூலினின்று பக்கம் பக்கமாகப் பெயர்த்துத் தம் ஆலோசனையென நீட்டுதல் ஆகியன அறிவுத் தொழிலின் வேரையே அறுப்பனவாம். ஆலோசகரிடம் மக்கள் வருவது நம்பிக்கையால். நம்பிக்கை கெட்டபின் எச்சட்டமும் அவர்க்கு வாழ்வு தாராது.

யாம் கற்றவற்றைச் சுருக்கி எழுதி, அந்நிறுவனத்தார்க்கு ஒரு கடிதம் விடுத்தோம். வழக்காடும் நோக்கம் எமக்கு இல்லை என்பதையும், தொகுப்பினை அவர் வழங்குதலில் தடையில்லை என்பதையும், அடுத்த பதிப்பில் தொகுத்தவர் பெயரும் சொல் தந்த பட்டறைத் தொழிலாளர்க்கு நன்றியும் இடம்பெறல் வேண்டும் என்பதையும் தெரிவித்தோம். பல நாள் விடை வரவில்லை. பின்னர், வேறொரு கையேட்டைத் தமிழாக்கும் பணி எம்மைத் தேடி வந்தது. உடன் ஒரு பக்கக் கடிதம் ஒன்றும் வந்தது. மூன்று குவியல்களும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. கீழே கையொப்பமும் இருந்தது.

தோழர்களே, அறிவிற்கு மரக்கால் யாது என்று தொடக்கத்தில் வினவினோம். வாட்டு பூட்டிய பெட்டியில் எண்காட்டியை அமைத்தார். நமக்கு அத்துணைப் பொறியும் வேண்டா. பணிக்கு முன்னரே நேர்மையாய் எழுதிய ஒரு தாள் போதும். அத்தாள் ஐயத்தின் அடையாளமன்று. இருவர் ஒருவரை ஒருவர் மதித்ததன் அடையாளமாகும்.